கூப்பர் கட்டிக்கொண்டு குதித்த பாராசூட்: கைதேர்ந்தவரா, கத்துக்குட்டியா?

குற்ற வழக்குகளை வைத்து ஒலித்தொடர் நடத்தும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் விட்டுவிடுகிறேன். அடுத்து அவர் எடுத்திருப்பது டி.பி. கூப்பர் வழக்கு. 1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்டிலிருந்து சியாட்டிலுக்குக் கிளம்பிய நார்த்வெஸ்ட் ஓரியன்ட் 305 விமானத்தை, பெட்டியில் வெடிகுண்டு இருக்கிறது என்று மிரட்டிக் கடத்தினார் ஒருவர். டிக்கெட்டில் இருந்த பெயர் டேன் கூப்பர். சியாட்டிலில் 2 லட்சம் டாலரையும் நான்கு பாராசூட்டையும் வாங்கிக்கொண்டு பயணிகளை இறக்கிவிட்டார். மெக்சிகோ நகரத்துக்குப் போகச் சொல்லி விமானத்தை மறுபடி கிளப்பவைத்து, வழியில், இருட்டில், மழையில், போயிங் 727இன் பின்பக்கப் படி வழியாகக் குதித்துவிட்டார். ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. எஃப்.பி.ஐ. 2016 ஜூலையில் விசாரணையை நிறுத்திவைத்தது.

வாசகரின் வரைவில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, பாராசூட்டுகளை எண்ணிக்கை சொல்லிக் கேட்டதால் கூப்பர் கைதேர்ந்த ஸ்கைடைவர், அதாவது விளையாட்டாக விமானத்திலிருந்து குதிப்பவர். இரண்டு, சொகுசான பாராசூட்டை விட்டுவிட்டு ராணுவப் பாராசூட்டை எடுத்ததால் முன்னாள் பாராட்ரூப்பர், அதாவது பாராசூட்டில் குதிக்கும் படைவீரர். மூன்று, தைத்து மூடிய பயிற்சி ரிசர்வை (முதல் பாராசூட் திறக்காவிட்டால் உதவும் மாற்றுப் பாராசூட்டை) எடுத்துக்கொண்டு போனதால் அவர் ஒன்றும் தெரியாதவர், ஆகவே கண்டிப்பாகச் செத்திருப்பார். முதல் இரண்டும் மூன்றாவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை அவரே கவனித்துவிட்டு, "எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?" என்று கேட்கிறார். கூடவே, 1972இல் இதேபோல விமானம் கடத்திய மெக்காய் என்பவரின் குடும்பத்திடம் கிடைத்த பாராசூட்டை வைத்து வழக்கு முடிந்தது என்று அறிவிக்கலாமா என்றும், தொடரின் முன்னோட்டப் படத்துக்காக ஒரு பழைய ராணுவப் பாராசூட் வாங்கி நண்பர் ஒருவருக்குக் கட்டிவிடலாமா என்றும் இரண்டு கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலில் பதில்: கூடாது. காரணம் கீழே வருகிறது. மற்றவற்றுக்கு வருவோம்.

உங்கள் வரைவின் சிக்கல் ஒரே சொல்லில் இருக்கிறது: "பாராசூட் தெரிந்தவர்." இதை ஒரே திறமையாக எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தத் தொழிலில் இது மூன்று தனித்தனி விஷயம். பாராசூட்டை ஒழுங்காகக் கட்டிக்கொள்ளத் தெரிவது ஒன்று. ஒரு பையைக் கையில் வாங்கிப் பார்த்து, அது எந்த வகை, எப்போது மடித்தது, எதோடு எது சேரும் என்று சொல்லத் தெரிவது இன்னொன்று. வானத்தில் உடம்பை நிலையாக வைத்து விழத் தெரிவது மூன்றாவது. போர் விமானிகளும், ராணுவச் சரக்கு விமானத்தின் பின்கதவில் நின்று பொதி தள்ளுபவர்களும் வருஷக்கணக்கில் பாராசூட் கட்டியிருப்பார்கள், ஒரு முறைகூடக் குதித்திருக்க மாட்டார்கள். பயிற்சி நிலையத்தில் பத்து முறை குதித்தவருக்குப் பையைப் பார்த்து வகை சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் எப்போதும் வேறொருவர் மடித்து, சரிபார்த்துக் கொடுத்திருப்பார். கூப்பர் விட்டுப்போன தடயங்களை இந்த மூன்றில் எதற்குச் சாட்சி என்று பிரித்துப் பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைந்துவிடும்.

பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு

கூப்பர் கேட்டது முதுகில் கட்டுவது இரண்டு, மார்பில் மாட்டுவது இரண்டு. ஒன்றுமே தெரியாதவர் "இரண்டு பாராசூட் கொடு" என்றுதான் கேட்டிருப்பார். முதுகில் மெயின், மார்பில் ரிசர்வ் என்ற அந்தக் காலத்து ஏற்பாடு அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு தூரம் சரி.

ஆனால் நான்கு என்ற எண்ணிக்கை ஸ்கைடைவிங் அறிவைச் சேர்ந்ததல்ல, மிரட்டல் அறிவைச் சேர்ந்தது. இரண்டு ஜோடி கேட்டால், விமான ஊழியர் ஒருவரையும் கூடவே குதிக்கவைப்பாரோ என்று அதிகாரிகள் பயப்படுவார்கள். கெட்டுப்போன பாராசூட்டைக் கொடுக்கத் துணியமாட்டார்கள். இது சூதாட்டக்காரனின் கணக்கு, இதற்கு ஒரு முறைகூட விமானத்திலிருந்து குதித்திருக்க வேண்டியதில்லை.

அவர் எதைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1971இல் விளையாட்டாகக் குதித்தவர்கள் மத்தியில் பாரா-கமாண்டர் என்ற திருப்பக்கூடிய குடைதான் (குடை என்பது பாராசூட்டின் விரியும் துணி) பெரிய பேச்சு. துணியில் வெட்டுகள் வைத்து, கைப்பிடியை இழுத்துத் திசை திருப்பலாம். காட்டின் மேல் இரவில் இறங்கப்போகும் ஸ்கைடைவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது அந்தத் திருப்பும் வசதியை. ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ், உயரமானி எதுவும் அவருடைய பட்டியலில் இல்லை. கோட்டு சூட்டும், சாதாரண ஷூவும்தான்.

இன்னும் முக்கியமானது, அவசரத்தில் ஏற்பாடு செய்து கொடுத்த பாராசூட்டுகள் இரண்டு வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தவை. முதுகில் கட்டும் இரண்டும் ஒரு விமானியுடையவை. சாகசப் பறப்பு செய்பவர்கள் உயிர்காப்புக்காகக் கட்டியிருக்கும் அவசரகாலப் பைகள். மார்பில் மாட்டும் இரண்டும் சியாட்டிலை அடுத்த இஸக்குவாவில் இருந்த ஸ்கைடைவிங் நிலையத்திலிருந்து வந்தவை. இங்கேதான் கவனிக்க வேண்டிய ஓர் இரும்பு வளையம் இருக்கிறது.

மார்பு ரிசர்வின் பின்பக்கத்தில் இரண்டு கொக்கிகள் இருக்கும். அவை மாட்டுவதற்கு, முதுகுப் பையின் ஹார்னஸில் (உடம்பில் கட்டும் பட்டைத் தொகுப்பில்), மார்பின் இரு பக்கமும் செங்குத்தாக ஓடும் பட்டைகளில் இரண்டு டி-வளையங்கள் வேண்டும். விளையாட்டுக்காகக் குதிப்பவரின் ஹார்னஸில் இவை கட்டாயம் இருக்கும். விமானியின் அவசரகால ஹார்னஸில் இருக்காது, அவருக்கு ரிசர்வே கிடையாது என்பதால். கூப்பர் கைக்கு வந்த முதுகுப் பைகளில் டி-வளையம் இல்லை. அதாவது அந்த இரண்டு ரிசர்வில் எது நல்லது, எது தைத்தது என்ற கேள்விக்கு முன்பே, எதையும் மாட்ட இடமில்லை.

தைத்து மூடிய ரிசர்வ்

இப்போது உங்கள் மூன்றாவது முடிவு. நான்கில் இரண்டு விமானத்திலேயே கிடைத்தன: தொடாத முதுகுப் பை ஒன்று, திறந்து கயிறு அறுத்த மார்பு ரிசர்வ் ஒன்று. காணாமல் போனவை ஒரு முதுகுப் பையும், இன்னொரு மார்புப் பையும். அந்த மார்புப் பை வகுப்பில் செய்துகாட்டுவதற்காக வைத்திருந்த போலி. திறக்காதபடி தைத்திருந்தார்கள். அவசரத்தில் நல்லதோடு கலந்து வந்துவிட்டது.

எஃப்.பி.ஐ.யும் ஆரம்பத்தில் இவரை அனுபவசாலி என்றே எண்ணியது. பிறகு மனதை மாற்றிக்கொண்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இதே போலி ரிசர்வ்: தேர்ந்தவர் என்றால் சோதித்துப் பார்த்திருப்பார். இதில் பாதி நியாயம் இருக்கிறது. ரிசர்வைக் கையில் வாங்கியவர் செய்ய வேண்டிய சோதனை ஒரு நிமிட வேலை. மேல்மடிப்பைத் தூக்கி, ரிப்கார்டின் (குடையைத் திறக்க இழுக்கும் கம்பியின்) ஊசிகள் கூம்புகளில் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஊசியைச் சுற்றிய சிவப்பு நூலும் அதில் நசுக்கிய ஈய முத்திரையும் இருக்கின்றனவா, முத்திரையில் ரிக்கரின் (பாராசூட்டை மடித்துச் சரிபார்ப்பவரின்) குறி பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பையோடு இருக்கும் பேக்கிங் கார்டை எடுத்து, மடித்த தேதியையும் கையெழுத்தையும் படிக்க வேண்டும். இதைச் செய்தவர் கண்ணுக்குப் போலி தப்பாது.

மறுபாதியைத்தான் உங்கள் வரைவு விட்டுவிட்டது. அவர் கயிறுக்காக எதை அறுத்தார்? உண்மையான ரிசர்வை. நீங்கள் இதை "நல்லதை நாசம் பண்ணிவிட்டு பொம்மையை எடுத்துக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டி-வளையம் இல்லை என்று பார்த்துவிட்ட ஒருவருக்கு இரண்டு ரிசர்வுமே உயிர்காக்கும் சாமான் இல்லை, வெறும் துணியும் கயிறும்தான். அப்படிப் பார்த்தால் திறக்கக்கூடிய பையைத் திறந்து கயிறு எடுத்ததில் முட்டாள்தனம் ஒன்றுமில்லை. போலியை என்ன செய்தார்? மாட்ட முடியாததைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. எதையாவது சேர்த்துக் கட்ட எடுத்திருக்கலாம், தேடுபவர்களைக் குழப்ப வெளியே வீசியும் இருக்கலாம். "காணவில்லை" என்பதை "நம்பி எடுத்துக்கொண்டு போனார்" என்று எழுதுவது தடயம் சொல்லாததைச் சொல்வது.

அதே சமயம், டி-வளையம் இல்லாததைக் கவனித்தார் என்பதற்கும் நேர்ச்சாட்சி இல்லை. பார்த்ததும் சத்தம் போட்டிருந்தால், வேறு ஹார்னஸ் கேட்டிருந்தால், அது பெரிய தடயமாக இருந்திருக்கும். பணத்தைத் தோளில் மாட்டும் பையில் போட்டுக் கொடுக்கவில்லை என்று குறைப்பட்டவர், ஹார்னஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனவே இரண்டாவது திறமையில், பையைப் பார்த்து எடைபோடும் திறமையில், அவருக்கு நான் குறைந்த மதிப்பெண்தான் போடுவேன். பூஜ்யம் போடமாட்டேன்.

எந்தப் பையை எடுத்தார்

முதுகுப் பைகளில் விட்டுப்போனது பயனியர் நிறுவனத்தின் குடிமக்கள் வகை. மெலிதாக, முதுகோடு ஒட்டி உட்காரும். எடுத்துப்போனது, எஃப்.பி.ஐ. விவரிப்பின்படி, கடற்படை விமானிகளுக்கான என்.பி.-6 வகைப் பை. உள்ளே 28 அடி விட்டமுள்ள வட்டக் குடை, நைலான். "தேர்ந்தவர் என்றால் பயனியரைத்தான் எடுப்பார்" என்று ஒரு கட்சி, "ராணுவத்தான் என்பதால்தான் இதை எடுத்தார்" என்று இன்னொரு கட்சி. நீங்கள் இரண்டாவதில் சேர்ந்துவிட்டீர்கள்.

பாராட்ரூப்பர் என்று எழுதியிருப்பதை மட்டும் உடனே அடித்துவிடுங்கள். பாராட்ரூப்பர் குதிப்பது ஸ்டாடிக் லைனில். பையின் கயிற்றை விமானத்துக்குள் ஓடும் கம்பியில் மாட்டியிருப்பார்கள். ஆள் வெளியே விழுந்ததும் கயிறு இறுகிக் குடையை இழுத்துத் திறந்துவிடும். அவர் எதையும் இழுக்க வேண்டாம், தடுமாறாமல் விழவும் தெரிந்திருக்க வேண்டாம். கூப்பர் எடுத்தது கையால் ரிப்கார்டு இழுக்க வேண்டிய விமானிப் பை. அந்தப் பையோடு பழகியவர் என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் விமானப் பணிக்குழுவைச் சொல்லலாம், பாராட்ரூப்பரைச் சொல்ல முடியாது.

பெரிய குடையை எடுத்தது தவறான தேர்வும் அல்ல. வட்டக் குடையில் இறங்கும் வேகம் விட்டத்தையும் எடையையும் பொறுத்தது. 90 கிலோ தொங்கினால் 28 அடிக் குடை விநாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில் இறக்கும். ஆறடி மதிலிலிருந்து குதிப்பது போன்ற அடி. இடுப்பில் 10 கிலோ பணம் கட்டியவருக்குக் கூடுதல் துணி நல்லதுதான். ஆனால் மூடிய பையை வெளியிலிருந்து பார்த்து விட்டம் சொல்ல முடியாது, கார்டைப் படித்தால்தான் தெரியும். அவர் படித்தாரா? விமானப் பணிப்பெண் விளக்கத் தாளை நீட்டியபோது, தேவையில்லை என்றுவிட்டார் என்பதுதான் பதிவில் இருக்கிறது.

எனக்குக் கனமாகத் தெரிகிற தடயம் அதுதான். பழக்கப்பட்டவர் போலக் கட்டிக்கொண்டார் என்பது பணிப்பெண்ணின் வாக்குமூலம். புதியவர் கையில் அவசரகாலப் பையைக் கொடுத்துப் பாருங்கள். தோளில் சட்டை மாதிரிப் போட்டுக்கொள்வார், பிறகு தொடைப் பட்டை இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருக்கும், எது இடம், எது வலம் என்று தேடுவார். பட்டை முறுக்கிக்கொள்ளும், அல்லது காலுக்குக் குறுக்கே மாறிப் போகும். கொக்கி மாட்டினாலும் தளர்வாக விட்டுவிடுவார், ஏனென்றால் சரியாக இறுக்கினால் நிமிர்ந்து நிற்க முடியாது, லேசாகக் குனிந்தே நடக்க வேண்டும். அந்த அசௌகரியம்தான் சரி என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். தளர்ந்த தொடைப் பட்டையோடு குடை திறந்தால் பட்டை மேலேறி இடுப்பை அறையும். மார்புப் பட்டையை மறந்தால் தோள்வழியே ஆள் நழுவிவிடலாம். முன்பின் கட்டியிராதவர் ஓடுகிற விமானத்தில் துணையில்லாமல் இதை ஒழுங்காகச் செய்வது அபூர்வம். ஆகவே முதல் திறமை, கட்டிக்கொள்ளும் திறமை, அவருக்கு இருந்தது என்று தைரியமாக எழுதலாம்.

விழத் தெரிந்தவரா?

மூன்றாவது திறமைக்குத் தடயம் ஒன்றுமே இல்லை. விமானத்தைப் பற்றி அவர் கொடுத்த கட்டளைகளை இதற்குச் சாட்சியாக வைத்திருக்கிறீர்கள்: 10,000 அடிக்கு மேல் போகக் கூடாது, சக்கரங்கள் வெளியே இருக்க வேண்டும், இறக்கைத் தட்டுகள் 15 டிகிரி, கேபினில் அழுத்தம் ஏற்றக் கூடாது. இவை 727ஐப் பற்றிய அறிவு. மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கவைக்கும் அறிவு. எஞ்சின்கள் மூன்றும் வாலில் மேலே இருக்க, படி வயிற்றுக்கடியில் இறங்குவதால் குதிப்பவர் எதிலும் மோதாமல் கீழே போய்விடலாம் என்பதும் அந்த அறிவோடு சேர்ந்தது. ஆனால் படியை எப்படி இறக்குவது என்று அவருக்குப் பணிப்பெண்ணின் உதவி தேவைப்பட்டது.

இரவு 8:13 அளவில் விமானத்தின் வால் லேசாக எம்பியதை விமானிகள் உணர்ந்தார்கள். 1972 தொடக்கத்தில் அதே விமானத்திலிருந்து 200 பவுண்டு எடையைப் படி வழியாகத் தள்ளிச் சோதித்தபோது அதே எம்பல் வந்தது. அந்தக் கணத்தில் வெளியே காற்று ஏறத்தாழ மணிக்கு 300 கிலோமீட்டர். சாதாரணமாக வயிறு கீழாக விழுபவரின் முடிவு வேகமே, அதற்கு மேல் கூடாத வேகமே, 190தான். அதாவது வெளியே வந்ததும் உடனே இழுத்தால் குடை வழக்கத்தைவிடக் கடுமையாக அடித்துத் திறக்கும். சில விநாடி பொறுத்தால் வேகம் குறையும், ஆனால் அந்தச் சில விநாடி நிலையாக விழத் தெரியாதவர் புரளுவார். ஊசி கழன்றதும் பையிலிருந்து சுருள்கம்பி வைத்த சின்னப் பைலட் குடை துள்ளி வெளியே வரும், அதுதான் பெரிய குடையை இழுத்துக்கொண்டு போகும். புரளும் உடம்பில் அது கையிலோ காலிலோ சிக்கினால் வேலை முடிந்தது. ரிப்கார்டை இழுக்க 10 கிலோ வரை விசை வேண்டியிருக்கலாம். உறைநிலைக்குக் கீழே போயிருந்த காற்றில், கையுறையில்லாத, மரத்துப்போன விரல்களுக்கு அது சின்ன வேலை இல்லை.

இவ்வளவும் சொன்னது "செத்திருப்பார்" என்று முடிப்பதற்காக அல்ல. உங்கள் மூன்றாவது முடிவின் பின்பாதிக்கு எதிராக வலுவான பதிவு இருக்கிறது. 1972இல் கூப்பரைப் பார்த்துச் செய்தவர்களில் பாராசூட்டில் குதித்தவர்கள் லாபாயின்ட், மெக்காய், ஹான்மேன், ஹெடி, மெக்னாலி. ஐந்து பேரும் உயிரோடு தரையிறங்கினார்கள். மெக்னாலி அதற்கு முன் குதித்ததே இல்லை. புரண்டு விழுபவருக்கும் பல நேரம் குடை திறந்துவிடும், இந்த அவசரகாலப் பைகளின் நோக்கமே அதுதான்: பயிற்சியில்லாத விமானி, எரிகிற விமானத்திலிருந்து, எப்படியோ வெளியே வந்து, ஒரு கைப்பிடியை இழுத்தால் போதும். அனுபவம் இல்லாதது சாவுக்குச் சான்று ஆகாது.

அனுபவம் பாதித்திருக்கக்கூடிய இடம் எங்கே இறங்கினார் என்பது. அனுபவசாலி முக்கால் நிமிடம் விழுந்து 2,500 அடியில் திறப்பார், பிறகு இரண்டு நிமிடத்தில் தரை. பயந்தவர் மேலேயே இழுத்துவிடுவார், 10,000 அடியிலிருந்து விநாடிக்கு 20 அடி வீதம் இறங்க 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயந்தவர் 5 கிலோமீட்டர் தள்ளி இறங்குவார், அனுபவசாலி 2 கிலோமீட்டருக்குள். திருப்ப முடியாத வட்டக் குடையில் காற்று போகும் பக்கம்தான் போக முடியும். தேடுதல் பகுதியைப் பற்றிப் பேசும் உங்கள் நான்காவது அத்தியாயத்தில் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் கேட்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

பணப்பை

வரைவில் இரண்டே வரியில் தாண்டிப்போயிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 20 டாலர் தாள்களாக 10,000. ஒரு தாள் 1 கிராம், ஆக 10 கிலோ. துணிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் ரிசர்வின் கயிறுகளை அறுத்து, பையின் வாயைச் சுற்றிக் கட்டினார். பணிப்பெண் கடைசியாகப் பார்த்தபோது இடுப்பில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார்.

பாராசூட் கயிறு அறாது. ராணுவ வகை நைலான் கயிறு ஒன்றே 550 பவுண்டு தாங்கும். ஆனால் நைலான் வழுக்கும், சாதாரண முடிச்சு அதிர்ச்சியில் நழுவிக்கொண்டே போகும். குடை திறக்கும் நொடியில் உடம்பு ஏழெட்டு மடங்கு கனத்தால், பத்து கிலோ பை எழுபது எண்பது கிலோவாகக் கீழே இழுக்கும். கயிறு நிற்கும், முடிச்சும் பையின் துணியும் நிற்குமா என்பதே கேள்வி. மெக்னாலி 5 லட்சம் டாலரை நடுவானில் பறிகொடுத்தது இப்படித்தான். 1980இல் கொலம்பியா ஆற்றங்கரையில் டீனா பார் என்ற மணல் திட்டில் ஒரு சிறுவன் கண்டெடுத்த 5,800 டாலர் கூப்பரின் பணம்தான் என்று எண்களை ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். அது ஆகாயத்தில் கழன்ற பையிலிருந்து வந்ததா என்பதை அந்தக் கட்டுகளை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் ஆளும் பையும் ஒன்றாகவே தரை தொட்டார்கள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது வெறும் ஊகம், அதை ஊகம் என்றே சொல்லுங்கள்.

"கிடைத்த" பாராசூட்டுகள்

2008இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஆம்பாய் என்ற ஊரருகே மண்ணுக்குள்ளிருந்து ஒரு பாராசூட் வந்தது. ஊரே கூப்பர் கூப்பர் என்றது. துணி பட்டு, கூப்பருடையது நைலான். அத்தோடு முடிந்தது. மெக்காய் விஷயத்தையும் இதே வரிசையில் வைத்துப் பாருங்கள். ரிச்சர்ட் மெக்காய் 1972 ஏப்ரலில் யுனைடெட் விமானம் ஒன்றைக் கடத்தி, 5 லட்சம் டாலரோடு யூட்டாவின் புரோவோ பக்கம் குதித்துப் பிடிபட்டவர். வியட்நாமில் சண்டையிட்டவர், ஸ்கைடைவிங் பழகியவர். அவர் குடும்பச் சொத்திலிருந்து எடுத்த பாராசூட் 2024இல் செய்தியானது. ஸ்கைடைவர் ஒருவர் வீட்டில் பாராசூட் இருப்பது மீனவர் வீட்டில் வலை இருப்பதுபோல. கூப்பர் குதித்தபோது மெக்காய்க்கு வயது 28, சாட்சிகள் வருணித்தவரோ நாற்பதுகளின் நடுவில் இருந்தவர்.

எந்தப் பாராசூட் "கிடைத்தது" என்று வந்தாலும் இந்த வரிசையில் கேளுங்கள்:

துணி நைலானா, குடை வட்டமா, விட்டம் 28 அடியா.

குடையின் ஓரத்திலும் பையிலும் தயாரிப்பாளர், தேதி, தொடர் எண் அச்சிட்ட பகுதி இருக்கிறதா. 1971க்குப் பிந்தைய தேதி என்றால் பேச்சே இல்லை.

ஹார்னஸில் டி-வளையம் இருக்கிறதா. இருந்தால், தொழிற்சாலையில் தைத்ததா, பிறகு சேர்த்ததா. தையலின் நூலும் வடிவமும் காட்டிக்கொடுத்துவிடும்.

பேக்கிங் கார்டோ முத்திரையோ மிஞ்சியிருந்தால், அதிலிருக்கும் ரிக்கரின் குறி யாருடையது.

இவை தெரியாமல் பெயர் சொல்லி "இவர்தான்" என்று அறிவிப்பதில் உங்களுக்கு வரக்கூடிய அவதூறுச் சிக்கலை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உயிரோடு இருக்கும் மற்றவர்களின் பெயர்களும் உங்கள் வரைவில் இருக்கின்றன. ஒரு பழைய ஹார்னஸ் மட்டும் அவ்வளவு பெரிய குற்றச்சாட்டைத் தாங்காது.

பழைய பாராசூட் வாங்கும் யோசனை

வாங்குங்கள், ஆளுக்குக் கட்டாதீர்கள். உயரத்திலிருந்து குதிக்கவைக்கப் போவதில்லை, தரையில் நின்று குடையை விரித்துக் காட்டுவோம் என்கிறீர்கள். தரையில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். 28 அடிக் குடையில் மிதமான காற்று புகுந்தாலே ஓர் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய கொக்கிகள் இழுவையில் கழலாது. கழற்றத் தெரியாதவர் கல்லிலும் வேலியிலும் அடிபட்டே நிற்பார். நைலான் வெயிலில் சத்துப் போய்விடும், பார்வைக்குப் புதிதுபோல இருந்துகொண்டே கையால் கிழியும். பூஞ்சையும் பேட்டரி அமிலக் கறையும் அதேபோல.

உங்களுக்கு வேண்டியது சத்தமும் தோற்றமும்தானே? குடையை மூடிய கூடத்தில் தரையில் நீளவாக்கில் பரப்புங்கள். இருவர் ஓரத்தைப் பிடித்துச் சட்டென்று உதறினால் துணி அடிக்கும் சத்தம் கிடைத்துவிடும். கொக்கி மாட்டும் சத்தத்துக்கு ஹார்னஸை மட்டும் தனியாகப் பிரித்து, குடையோடு சேர்க்கும் ரைசர் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கும் குடைக்கும் தொடர்பு இல்லாதவரை ஆபத்தில்லை. ரிப்கார்டு இழுக்கும் சத்தம் வேண்டுமானால் பையை மேசைமேல் வைத்து, முகத்தை அதற்கு நேராகக் கொண்டுபோகாமல் இழுங்கள். பைலட் குடையின் சுருள்கம்பி மூக்கை உடைக்கும் வேகத்தில் எழும்.

கடைசியாக ஒரு திருத்தம். முன்னோட்டக் காட்சியில், படியின் கடைசித் தட்டில் நின்று கூப்பர் ரிசர்வை மார்பில் "டக்" என்று மாட்டுவதாகவும் அந்தச் சத்தத்தில் இசை தொடங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஹார்னஸில் அதை மாட்ட வளையம் இல்லை. சத்தம் வேண்டுமென்றால் தொடைப் பட்டையின் கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் படியில் வேண்டாம், உள்ளே, கேபினில், பணிப்பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது.